மூடிய பெட்டிக்குள் ஆர்கான் வெல்டிங்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரப் பட்டறைகளில் "ஆர்கான் அடிக்கணும்" என்றால் பெரும்பாலும் அது எஸ்.எஸ். வேலைதான். சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் குழாய், சாயம் கரைக்கும் டேங்க், வெந்நீர் லைன் என்று 304, 316எல் தகடுகளில் நம் வெல்டர்களின் கை பழகியிருக்கிறது. முன்பக்கம் டார்ச் தரும் கேஸ், குழாயின் உள்பக்கம் கொஞ்சம் பர்ஜ் கேஸ். அதோடு வேலை முடிந்துவிடும்.

டைட்டானியத்துக்கு அது போதாது. அந்த உலோகம் நம் பட்டறைக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றில் சாயநீர் ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்ற கட்டாயத்தில் ஆர்.ஓ.வும் இவாப்பரேட்டரும் இந்த ஊரின் அன்றாடச் சொற்களாகிவிட்டன. உப்புக் கரைசல் சுண்டச் சுண்ட, அதிலுள்ள குளோரைடு 316எல்-ஐ ஊசி குத்தியதுபோல் அரித்துவிடும். அத்தகைய இடங்களுக்குத்தான் டூப்ளெக்ஸ் எஃகும் டைட்டானியமும் தேவைப்படுகின்றன. ஆகவே சென்சார் உறை, பம்பின் சிறு பாகம், வளைந்த குழாய்த்துண்டு என்று டைட்டானிய ஜாப் எப்போதாவது ஒன்று உங்கள் மேசைக்கும் வரும். அதைக் கையுறைப் பெட்டிக்குள் வைத்து வெல்டிங் செய்வது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. அதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பெட்டி வேலையில் ஆர்க் எரிவது 2 நிமிடம், அதற்கான தயாரிப்பு 2 மணி நேரம். அந்த 2 மணி நேரத்தில் அவசரப்பட்டால் எவ்வளவு தேர்ந்த கையாலும் ஜாப்பைக் காப்பாற்ற முடியாது.

பெட்டி எப்போது வேண்டும்

டைட்டானியம் சுமார் 1,668 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த உருகுகுழம்பை மட்டும் காத்தால் போதாது. உறைந்த பிறகும், சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை, அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய இடம் கண்ணாடிபோல் நொறுங்கும். நேர்த் தையலாக இருந்தால் டார்ச்சுக்குப் பின்னால் வால்போல ஒரு கேஸ் கவசத்தை இழுத்துச் சென்று சமாளிக்கலாம். வளைவும் மூலையும் உள்ள சிறு பாகத்தில் அந்தக் கவசம் சரியாக உட்காராது. பெட்டி தேவைப்படுவது அங்கேதான்.

316எல்-க்குப் பெட்டி தேவையில்லை. நீளமான டைட்டானியக் குழாய்க்கும் தேவையில்லை. இரு முனையையும் அடைத்து உள்ளே ஆர்கான் விட்டு, வெளியே கவசம் பிடித்தால் போதும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஜாப்தான் வரும் என்றால், கையுறை பொருத்திய தடித்த பிளாஸ்டிக் ஆர்கான் பையே போதுமானது. மாதந்தோறும் வேலை வந்தால் மட்டும் உலோகப் பெட்டி கட்டுங்கள்.

பெட்டியின் உடம்பு

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே அளவை வைத்துக்கொள்வோம்: நீளம் 90 செ.மீ., அகலம் 60, உயரம் 60. கொள்ளளவு 324 லிட்டர். 3 மி.மீ. எஸ்.எஸ். தகட்டில், உள்மூலைகளில் முழுத் தையல் போட்டுக் கட்டுங்கள். விட்டுவிட்டு அடித்த தையலின் இடுக்கில் காற்று ஒளிந்துகொண்டு, நாள் முழுக்கக் கசிந்து வரும்.

ஜன்னலுக்குப் பாலிகார்பனேட் தகடு போடுங்கள். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும், அக்ரிலிக்கைவிட வெப்பமும் தாங்கும். ஆனாலும் ஆர்க்கின் வெளிச்சம் கண்ணைத் தாக்கும். வெல்டர் வழக்கமான ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும்; பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும்.

கையுறைக்கு பியூட்டைல் ரப்பர் சிறந்தது. ஆக்சிஜனும் ஈரமும் அதன் வழியே மிகக் குறைவாகத்தான் ஊடுருவும். சாதாரண ரப்பர் கையுறை கண்ணுக்கு ஓட்டையில்லாமல் தெரிந்தாலும் காற்றை மெல்ல மெல்ல உள்ளே விடும். சூடான ஜாப்பைத் தொட, பெட்டிக்குள்ளேயே ஒரு ஜோடி தோல் கையுறையைக் காயவைத்து வையுங்கள். பியூட்டைல் கையால் அதை மாட்டிக்கொள்ளலாம்.

ஜாப்பை உள்ளே கொண்டுபோக முன்னறை ஒன்று வேண்டும். 8 அங்குலக் குழாய், 45 செ.மீ. நீளம், இரு பக்கமும் ஓ-ரிங் மூடி. கொள்ளளவு ஏறக்குறைய 15 லிட்டர். ஜாப்பை அதில் வைத்து, வேக்குவம் பம்பால் காற்றைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஆர்கான் நிரப்புங்கள். ஒரு முறை செய்தால் ஆக்சிஜன் 2,09,000 பிபிஎம்மிலிருந்து (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 20,900 ஆகும்; இரண்டாம் முறை 2,090; மூன்றாம் முறை 209. அந்த நிலையில் உள்கதவைத் திறந்தால் பெட்டிக்குள் சுமார் 10 பிபிஎம் ஏறும். நான்காம் முறையும் செய்துவிட்டால் 1 பிபிஎம்தான் ஏறும். அந்தக் கூடுதல் 3 நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இதே வித்தையைப் பெரிய பெட்டியில் செய்து பார்க்கக் கூடாது. வளிமண்டல அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 10 டன். பெட்டியின் முன்முகம் 0.54 சதுர மீட்டர். முழு வேக்குவம் போட்டால் அந்த ஒரு முகத்தில் மட்டும் 5 டன்னுக்கு மேல் ஏறி உட்காரும். உருளைக் குழாய் அதைத் தாங்கும், தட்டைத் தகடு உள்ளே மடங்கிவிடும்.

கேஸ் கணக்கு

மயில்நீல நிறத்து ஆர்கான் சிலிண்டரில் வழக்கமாக 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் கேஸ் இருக்கும். வெல்டிங் தரத்துக்கும் உயர்தூய்மைத் தரத்துக்கும் வித்தியாசம் உண்டு. 99.99 சதவீதம் என்றால் மீதி 100 பிபிஎம் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெட்டிக்கு 99.999 சதவீதம் கேட்டு வாங்குங்கள். அதில் கலப்பு 10 பிபிஎம்தான்.

உள்ளே விடும் ஆர்கான் அங்கிருக்கும் காற்றோடு முழுவதும் கலந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் கொள்ளளவைப்போல் 5 மடங்கு கேஸ் விட்டால் ஆக்சிஜன் சுமார் 1,400 பிபிஎம் ஆகும். 10 மடங்கு விட்டால் 10 பிபிஎம்முக்கு இறங்கும். நம் பெட்டிக்கு 10 மடங்கு என்பது 3,240 லிட்டர், கிட்டத்தட்ட அரை சிலிண்டர். நிமிடத்துக்கு 25 லிட்டர் வீதம் 2 மணி 10 நிமிடம் பிடிக்கும்.

இதைச் சுருக்க ஒரு வழி உண்டு. ஆர்கான் காற்றைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனமானது. கேஸை அடிப்பக்கம் மெதுவாக விட்டு, மேல்மூலையில் வெளிவழி வைத்தால், தொட்டியில் தண்ணீர் ஏறுவதுபோல் அது காற்றை மேலே தள்ளும். நியூமேட்டிக் கடையில் கிடைக்கும் வெண்கல சைலென்சரை உள்வழியின் வாயில் மாட்டினால் கேஸ் பீய்ச்சி அடிக்காமல் பரவி வரும். இப்படிச் செய்தால் கணக்குப் போட்ட நேரத்துக்கு முன்பே அளவு இறங்கக்கூடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பிபிஎம் அளவில் காட்டும் ஆக்சிஜன் மீட்டர்.

"அண்ணா, கேஸ் விட்டு ஒரு மணி நேரம் ஆச்சுங்க. அடிச்சுப் பாக்கட்டுங்களா?"

"மீட்டர் என்ன காட்டுதுப்பா?"

"நூத்தி எண்பதுங்க."

"அப்ப இன்னும் ஆகலை. டீ குடிச்சுட்டு வா."

பெட்டி வைத்திருக்கும் பட்டறையில் தினமும் நடக்க வேண்டிய பேச்சு இது. டைட்டானியத்துக்கு 50 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை டார்ச்சைத் தொடவேண்டாம். 20-க்குக் கீழே என்றால் நிம்மதியாக அடிக்கலாம்.

மீட்டரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சூடான ஜிர்கோனியா சென்சாருக்கு அருகில் அசிட்டோன், தின்னர் ஆவி இருந்தால், அந்த ஆவி எரிந்து பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஜாப்பை வெளியிலேயே துடைத்து, அசிட்டோன் முழுக்கப் பறந்த பிறகே முன்னறைக்குள் வையுங்கள்.

லீக் பார்ப்பதற்கு, கையுறைத் துளைகளை மூடியால் அடைத்து, பெட்டியில் 10 செ.மீ. தண்ணீர் உயர அழுத்தம் ஏற்றி, எல்லா வால்வையும் மூடி 15 நிமிடம் கவனியுங்கள். இதைக் காலையில், தகரக் கூரை சூடாகும் முன்பே செய்துவிடுங்கள். உள்ளே 1 டிகிரி வெப்பம் மாறினாலே அழுத்தம் சுமார் 3.4 செ.மீ. மாறிவிடும். வெயில் ஏறும் நேரத்தில் பார்த்தால், லீக் உள்ள பெட்டியும் நல்ல பெட்டியாகத் தெரியும்.

பனியன் வேஸ்ட்: உள்ளூர்ப் பகை

என் முதல் டைட்டானிய ஜாப்பில் மீட்டர் 15 பிபிஎம் காட்டியது. நம்பி அடித்தேன். தையல் வைக்கோல் நிறத்தில் தொடங்கி நீலத்தில் முடிந்தது. கேஸைச் சந்தேகப்பட்டுச் சிலிண்டரை மாற்றினேன், ஓ-ரிங்கை மாற்றினேன். மறுபடியும் நீலம்தான். கடைசியில் பெட்டியின் பின்மூலையில் கண்ணில் பட்டது, டங்ஸ்டன் துடைக்க நானே வைத்திருந்த ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்.

இந்த ஊரில் கை நீட்டினால் கிடைக்கிற துணி அது. தமிழ்நாடெங்கும் மெக்கானிக்குகள் கை துடைப்பதும் அதில்தான். ஆனால் பருத்தி, நூற்பாலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தபடி, ஈரம் பிடிக்கும் நார். வழக்கமான ஈரப்பதத்தில் 100 கிராம் உலர் பருத்தியில் 8.5 கிராம் தண்ணீர் இருக்கும். அது முழுக்க ஆவியானால் சுமார் 11 லிட்டர் நீராவி. 324 லிட்டர் பெட்டியில் அதற்கு எங்கே இடம்? ஆர்க்கின் சூட்டில் நீராவி பிரிந்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் உலோகத்துக்குள் போகும். ஆக்சிஜன் மீட்டர் காட்டிய 15 பொய்யில்லை. ஈரத்தை அளக்க என்னிடம் கருவி இல்லாததுதான் குறை. துணியை எடுத்துவிட்டு ராத்திரி முழுக்க மெதுவாகக் கேஸ் விட்டேன். மறுநாள் தையல் வெள்ளிபோல வந்தது.

ஆகவே பெட்டிக்குள் பருத்தி, காகிதம், அட்டை, மரம் எதுவும் வேண்டாம். பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பறந்து வரும் பஞ்சுத் தூசியில் ஒரு இழை ஓ-ரிங் பள்ளத்தில் படிந்தாலும் போதும், பெட்டி லீக் ஆகும். மூடியை மூடும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். முடிந்தால் ஈரம் காட்டும் டியூ பாயிண்ட் மீட்டர் ஒன்றும் வையுங்கள். மைனஸ் 40 டிகிரி டியூ பாயிண்ட் என்றால் ஈரம் சுமார் 127 பிபிஎம். அதற்கும் கீழே போக வேண்டும். பெட்டியை வேலை இல்லாத நாளிலும் திறந்து போடாதீர்கள். ஒரு நாள் திறந்து கிடந்தால் சுவரெல்லாம் ஈரம் ஒட்டிக்கொள்ளும்.

ஆர்க் எரியும்போது

டார்ச் பெட்டிக்குள்ளேயே கேஸ் விடுகிறது. நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 4 நிமிடத்தில் 32 லிட்டர். வெளிவழி மூடியிருந்தால் உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு ஏறிவிடும். சின்னக் கணக்குபோலத் தோன்றும். ஆனால் முன்முகத்தில் அது 500 கிலோவுக்கு மேற்பட்ட தள்ளல். முதலில் கையுறைகள் விறைத்து நீட்டிக்கொள்ளும். பிறகு ஜன்னல் தெறிக்கும். வெளிவழியை எண்ணெய்க் குப்பிக்குள் 2, 3 செ.மீ. ஆழத்தில் முக்கி வையுங்கள். அழுத்தம் ஏறினால் கேஸ் குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே திரும்பாது.

நம் பெட்டியில் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அணு எரிபொருள் பெட்டியில் இது தலைகீழ். கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 அன்று முதல் தொடர்வினையை எட்டிய வேக ஈனுலைச் சோதனை உலையின் எரிபொருள் யுரேனியம், புளூட்டோனியம் கலந்த கார்பைடு. காற்றுப் பட்டால் பொடி தீப்பற்றக்கூடியது, மனித உடலுக்குள் போனால் ஆபத்தானது. ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அதைக் கையுறைப் பெட்டிகளுக்குள் வைத்துத்தான் கையாண்டு, எஃகுக் குழாய்களில் அடைத்து, முனையை வெல்டிங் செய்து மூடினார்கள். அத்தகைய பெட்டியில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகலாம், உள்ளே இருப்பது வெளியே வரக்கூடாது. நமக்கோ உள்ளிருக்கும் ஆர்கான் வெளியேறலாம், காற்று உள்ளே வரக்கூடாது. பழைய பெட்டி விலைக்கு வந்தால், அது எந்த வேலைக்குக் கட்டப்பட்டது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கையுறையைச் சட்டென்று வெளியே இழுத்தால் உள்ளே ஒரு கணம் அழுத்தம் குறைந்து, பலவீனமான இடுக்கு வழியே காற்று நுழையும். கையை மெதுவாக எடுங்கள்.

கரண்ட் பாதையில் இரண்டு விஷயம். எர்த் கம்பியைப் பெட்டியின் உடலில் கவ்வாதீர்கள். இன்சுலேட்டர் போட்ட தாமிர ஸ்டட் ஒன்றைச் சுவர் வழியே செலுத்தி, உள்ளே இருக்கும் மேசைத் தகட்டோடு நேராக இணையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் ஓ-ரிங் பக்கம் பொறி பறக்க வைத்து ரப்பரைச் சுட்டுவிடும். பெட்டியின் உடலுக்குத் தனியாகப் பாதுகாப்பு எர்த் கொடுங்கள். இரண்டாவது, ஆர்கானில் ஹை ஃப்ரீக்வென்சி பொறி காற்றில் தாவுவதைவிட எளிதாகத் தாவும். டங்ஸ்டன் தூரத்தில் இருக்கும்போது ஸ்விட்சை அழுத்தினால் பொறி ஃபிக்சருக்கோ மீட்டர் வயருக்கோ போகும். லிஃப்ட் ஆர்க் உள்ள மெஷின் நல்லது. இரு கையும் உள்ளே மாட்டியிருப்பதால் கரண்டைக் கூட்டிக் குறைக்கக் கால் பெடல் அவசியம்.

60 ஆம்பியர், 12 வோல்ட் என்றால் 720 வாட். ஒரு சிறிய அயர்ன் பாக்ஸ் அளவுக்குச் சூடு. ஆர்கான் காற்றைவிட மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும், ஆகவே ஜாப் ஆற நேரமாகும். ஜாப்புக்கு அடியில் தடித்த தாமிரக் கட்டை வைத்தால் சூடு இறங்கும். ஃபில்லர் கம்பியை 30 செ.மீ. துண்டுகளாக்கி, முனை மழுக்கி உள்ளே வையுங்கள். கூரான கம்பி கையுறையில் போடும் ஒரு பொத்தல், இரண்டு மணி நேர உழைப்பை வீணாக்கும்.

நிறம் சொல்லும் தீர்ப்பு

ஜாப்பைத் தொடும் முன், ஒரு டைட்டானியத் துண்டில் காசு அளவுக்கு உருக்கி ஆறவிடுங்கள். பளிச்சென்ற வெள்ளி நிறம் என்றால் பெட்டி தயார். இளம் வைக்கோல் நிறத்தைப் பல வேலைகளில் ஏற்கிறார்கள். நீலம், ஊதா என்றால் நிறுத்துங்கள். சாம்பல் அல்லது வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அந்த உலோகம் கெட்டுவிட்டது. நிறத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து மறைக்கவே கூடாது. நிறம் போகும், உள்ளே ஏறிய ஆக்சிஜன் போகாது. முழுக்க ஆறிய பிறகே ஜாப்பை வெளியே எடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பெட்டியின் தரையில் படியும் கருப்புப் பொடியும் எளிதில் தீப்பிடிக்கும். காற்றுப் பிடித்து ஊதாமல், வேலை முடிந்து பெட்டியைத் திறந்த பின் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மறுபடி மூடும் முன் உள்ளே நன்றாகக் காயவிடுங்கள்.

உலோகத்தைக் காக்கும் கேஸ், ஆளைக் கொல்லும்

ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சு முட்டும் உணர்வைக்கூட அது தராது. அந்த உணர்வு உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால்தான் வரும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 19.5-க்குக் கீழே ஆபத்து தொடங்குகிறது. 10-க்குக் கீழே நினைவு தப்பும். ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள் தலையை விட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார்.

10-க்கு 10 அடி அறை சுமார் 27 கன மீட்டர். அதில் ஒரு சிலிண்டர் முழுக்கக் கசிந்து கலந்தால் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு இறங்கும். கனமான கேஸ் என்பதால் தரையோரத்திலும் குழியிலும் இன்னும் மோசமாக இருக்கும். பெட்டியின் வெளிவழிக் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டு விடுங்கள். 19.5-இல் அலறும் ஆக்சிஜன் அலாரம் ஒன்றை அறையில், இடுப்பு உயரத்துக்குக் கீழே மாட்டுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் ஆர்கானை அடைத்து, காற்று ஊதி, உள்ளே 20 சதவீதத்துக்கு மேல் வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே முகத்தைக் கிட்டே கொண்டு போங்கள்.

இதே விதி பெட்டியைவிடப் பெரிய மூடிய இடங்களுக்கும் பொருந்தும். சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் வயிற்றுக்குள் பர்ஜ் கேஸ் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பி வந்து நேராக உள்ளே இறங்குவது நம் பட்டறைகளில் நடக்கிற காரியம். மூடிய கலத்துக்குள் ஆள் இறங்கும் முன் அது பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. சாயப்பட்டறைத் தொட்டிகளில் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே உயிரிழந்ததை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. விழுந்தவரைக் கண்டதும் பின்னாலேயே இறங்காதீர்கள். கேஸை அடையுங்கள், காற்றை ஊதுங்கள், கயிறு கட்டி வெளியிலிருந்து இழுங்கள், 108-ஐ அழையுங்கள்.

பெட்டி வாங்கும் காசில் முதல் செலவாக ஆக்சிஜன் அலாரத்தை வாங்குங்கள். மீதிக் காசுக்கு என்ன பெட்டி கிடைக்கிறதோ அது போதும்.